ஸ்கேன் அறிக்கையில் "குடல் வாயு அதிகம்" என்று எழுதியிருக்கிறது: மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகி:

வணக்கம். எனக்கு வயது 38. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று வருடங்களாக, காலையில் சாதாரணமாக இருக்கும் என் வயிறு பின்னேரம் மூன்று மணிக்குள் ஊதி, சேலை இடுப்பில் இறுகும் அளவுக்கு வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் அடிவயிற்றில் வலியும் உண்டு. மலம் கழித்தால் அது குறையும். சில நாட்களில் காலையில் மூன்று தடவை இளக்கமாகப் போகும். ஐ.பி.எஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி என்று முதலில் பார்த்த வைத்தியர் சொன்னார்.

சென்ற மாதம் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, "குடல் வாயு அதிகமாக இருப்பதால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை" என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இன்னொரு வைத்தியர், லக்டுலோஸ் என்ற சீனிக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து மூன்று மணி நேரம் மூச்சை அளக்கும் பரிசோதனை ஒன்றைத் தனியார் ஆய்வுகூடத்தில் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் லீவும் கணிசமான செலவும் தேவைப்படுகிற விடயம் என்பதால் கேட்கிறேன்: என் குடலில் உண்மையாகவே வாயு கூடுதலாக உண்டாகிறதா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லுமா? சொன்னால், அதன் பிறகு என்ன செய்வார்கள்?

கொட்டாஞ்சேனைவாசி:

தங்கச்சி, நான் இதே பரிசோதனையை இரண்டு வருடங்களுக்கு முன்னர் செய்துகொண்டவன். எழுபதாவது நிமிடத்தில் மூச்சில் ஐதரசன் உயர்ந்துவிட்டது, சிறுகுடலில் பற்றீரியாக்கள் பெருகியிருக்கின்றன என்று சொல்லி இரண்டு வாரம் ரிபக்சிமின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்து தந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மிக நன்றாக இருந்தேன். பிறகு எல்லாம் திரும்பி வந்தது. மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் அதே முடிவு, மறுபடியும் அதே மருந்து. இரண்டாவது தடவை மூன்று வாரம்தான் சுகம் கிடைத்தது. இருந்தாலும் பரிசோதனை வீண் என்று நான் சொல்லமாட்டேன். பல வருடங்களாக "ஒன்றுமில்லை, யோசிக்காதீர்கள்" என்று கேட்டுக்கேட்டுச் சலித்த எனக்கு, கடதாசியில் ஓர் இலக்கத்தைப் பார்த்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

பம்பலப்பிட்டி பொது மருத்துவர்:

முதலில் அந்த ஸ்கேன் வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற நோயாளர்களில் பலர் அதை ஒரு நோயின் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் கருவி ஒலியலைகளால் வேலை செய்கிறது. ஒலியலைகள் காற்றை ஊடுருவிச் செல்வதில்லை. எல்லோருடைய குடலிலும் காற்று இருக்கிறது. கணையத்துக்கு முன்னால் இருக்கும் குடல்வளையத்தில் அந்த நேரம் காற்று நின்றால், பின்னால் இருப்பது மறைந்துவிடும். "என்னால் கணையத்தைப் பார்க்க முடியவில்லை, காரணம் இது" என்று படம் எடுத்தவர் நேர்மையாக எழுதிய குறிப்பு அது. உங்கள் வாயுவை அவர் அளக்கவில்லை.

இனி மூச்சுப் பரிசோதனை. மனித உடலின் கலங்கள் ஐதரசனை உண்டாக்குவதில்லை. நாம் சமிக்காமல் விட்ட மாச்சத்தையும் சீனியையும் குடலில் வாழும் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போதே அது பிறக்கிறது. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. மூச்சில் அளக்கும் இன்னொரு வாயுவான மெதேனை உண்டாக்குபவை பற்றீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா எனப்படும் வேறு நுண்ணுயிர்கள். அது கூடுதலாக உள்ளவர்களிடம் மலச்சிக்கல் அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு சீனியைக் குடித்த பின்னர் எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு உயர்வு ஏற்படுகிறது என்பதையே இந்தப் பரிசோதனை காட்டுகிறது. ஒரு நாளில் உங்கள் குடலில் எத்தனை மில்லிலீற்றர் வாயு உண்டாகிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

2017ஆம் ஆண்டு வெளியான வட அமெரிக்க நிபுணர்களின் இணக்க அறிக்கைப்படி, 10 கிராம் லக்டுலோஸ் அல்லது 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 90 நிமிடங்களுக்குள் ஐதரசன் தொடக்க அளவிலிருந்து பத்து இலட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் சிறுகுடலில் பற்றீரியாப் பெருக்கம் உண்டு என எடுத்துக்கொள்கிறார்கள். மெதேன் எந்த நேரத்திலாவது 10 பங்கைத் தொட்டால் அதையும் அதிகம் என்கிறார்கள். லக்டுலோசில்தான் எனக்குப் பெரிய தயக்கம். அதை எந்த மனிதருடைய சிறுகுடலாலும் சமிக்க முடியாது. எல்லோரிடமும் அது பெருங்குடலை அடைந்தே தீரும், அங்கே எல்லோரிடமும் வாயு பிறக்கும். 90 நிமிடம் என்ற எல்லைக்கோடு மட்டுமே நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கிறது. இளக்கமாகப் போகிறவர்களின் குடல் வேகமாக ஓடும். போதாக்குறைக்கு லக்டுலோசே குடலை விரைவுபடுத்தும். லக்டுலோசோடு கதிரியக்கக் குறியீடு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் படம் எடுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், ஐ.பி.எஸ் நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் ஐதரசன் உயரும் முன்னரே அந்தத் திரவம் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொட்டாஞ்சேனை அண்ணரின் எழுபதாவது நிமிடம் சிறுகுடலின் நிமிடமா, பெருங்குடலின் நிமிடமா என்று அந்தக் கடதாசியை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

குளுக்கோஸ் இந்தக் குறையைப் பெருமளவு தவிர்க்கிறது, ஏனென்றால் அது சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் அதே காரணத்தால் சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பெருக்கத்தை அது தவறவிடும்.

நிபுணர்களும் ஒருமித்த கருத்தில் இல்லை என்பதை மறைக்கக்கூடாது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், சான்று மிகப் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டபடியே, ஐ.பி.எஸ் உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்கிறது. 2021ஆம் ஆண்டின் பிரித்தானிய வழிகாட்டலோ வழமையான ஐ.பி.எஸ் அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை என்கிறது. நான் இரண்டாவது பக்கம். நீண்ட கால நீரிழிவு, குடலில் பழைய அறுவைச் சிகிச்சை, தோலை இறுகச் செய்யும் ஸ்கிளெரோடேர்மா நோய் போன்றவை உள்ளவர்களில் மட்டும் பற்றீரியாப் பெருக்கத்தைத் தேடிப் பார்ப்பேன்.

தெகிவளை மாணவன்:

டொக்டர், தவறாக நினைக்கவேண்டாம். நீங்கள் சொல்வதை வாசிக்கும்போது, கடைசியில் "வாயு அதிகம் இல்லை, எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்ற பழைய இடத்துக்கே வந்து சேர்வதுபோல் இருக்கிறது. எனக்கு வயது 22. விரிவுரை மண்டபத்தில் இருக்கும்போது வயிறு ஊதி வலிப்பதை நான் கற்பனை செய்யவில்லை. அம்மா ஓமத் தண்ணீர் அவித்துத் தருகிறார், அப்பா பயந்த சுபாவம் என்கிறார். அண்ணருக்கு ஓர் இலக்கமாவது கிடைத்தது. அதையும் பறித்துவிட்டால் எங்களிடம் என்ன மிஞ்சும்?

பம்பலப்பிட்டி பொது மருத்துவர்:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆற அமரப் பதில் எழுதவேண்டும் என்பதால் நேற்றிரவு எழுதாமல் விட்டேன்.

1975ஆம் ஆண்டில், வாயுவை ஆராய்வதையே தன் வாழ்நாள் வேலையாகக் கொண்ட மைக்கேல் லெவிற்றும் அவருடைய சகாக்களும், வயிறு ஊதுகிறது என்று முறையிட்ட 12 பேரையும் முறைப்பாடு இல்லாத 10 பேரையும் எடுத்து, குழாய் வழியாகக் குடலுக்குள் ஆகன் வாயுவைச் செலுத்தி, உள்ளே இருந்த வாயு முழுவதையும் கழுவி வெளியே எடுத்து அளந்தார்கள். நோயாளர்களிடம் சராசரி 176 மில்லிலீற்றர், மற்றவர்களிடம் 199 மில்லிலீற்றர் இருந்தது. நோயாளர்களிடம் கூடுதலாக இருக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சாதாரண மனிதர்கள் பொருட்படுத்தாத அளவு ஆகன் உள்ளே சென்றபோது நோயாளர்களுக்கு வலி வந்தது, வாயு முன்னோக்கி நகராமல் பின்னோக்கி இரைப்பைக்குத் திரும்பும் போக்கும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

2001இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். நிமிடத்துக்கு 12 மில்லிலீற்றர் வீதம் சிறுகுடலுக்குள் வாயுவை விட்டுக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியமான 20 பேரில் 16 பேர் அதை எந்தச் சிரமமும் இல்லாமல் வெளியேற்றினார்கள். ஐ.பி.எஸ் உள்ள 20 பேரில் 18 பேருக்கு வாயு உள்ளே தேங்கியது, அல்லது அறிகுறிகள் தோன்றின, அல்லது இரண்டும் நடந்தன. எல்லோருக்கும் உள்ளே போனது ஒரே அளவு வாயுதான் என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2017ஆம் ஆண்டின் நொட்டிங்ஹாம் ஆய்வு. 29 நோயாளர்களுக்கும் 29 ஆரோக்கியமானவர்களுக்கும் இனுலின் என்ற நார்ச்சத்தை 40 கிராம் கலந்த பானம் கொடுத்து எம்.ஆர்.ஐ படம் எடுத்தார்கள். பெருங்குடலில் வாயு இரு தரப்பிலும் ஒரே அளவில் கூடியது. வேதனைப்பட்டது ஒரு தரப்பு மட்டுமே. குடல் விரியும்போது அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளின் உணர்திறன் இவர்களிடம் கூடியிருக்கிறது என்பதே அவர்களுடைய முடிவு.

வயிறு கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் தள்ளுவதற்கும் விளக்கம் உண்டு. வயிறு ஊதிய நேரத்தில் எடுத்த சீ.ரி ஸ்கேன்களைப் பார்த்தால், பலரிடம் வாயு மிகச் சிறிதளவே கூடியிருக்கிறது. ஆனால் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு (உதரவிதானம்) கீழிறங்கி, வயிற்றுச் சுவரின் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. மற்றவர்களில் உணவுக்குப் பின்னர் அது மேலெழும்பி இடம் கொடுக்கும். இந்தத் தசை ஒத்துழைப்பைப் பயிற்சியால் மீட்க முடியும் என்பதையும் அதே பார்சிலோனாக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, தம்பி, வலி உண்மை, ஊதுவதும் உண்மை. காரணத்தை வாயுவின் அளவில் தேடியது மட்டுமே பிழையான இடம். ஐ.பி.எஸ் நோயை வரையறுக்கும் 2016ஆம் ஆண்டின் ரோம் அளவுகோலில், கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வலி, மலம் கழிப்பதோடு அதற்குள்ள தொடர்பு, மலத்தின் தடவையிலும் தன்மையிலும் மாற்றம் ஆகியவை கேட்கப்படுகின்றன. வாயு எவ்வளவு என்ற கேள்வியே அதில் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டுங்கள்.

ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்:

நான் இந்தப் பரிசோதனையை நடத்துகிற பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். செய்வதென்று முடிவெடுத்தால் ஆயத்தத்தைச் சரியாகச் செய்யுங்கள். முந்தைய நான்கு வாரங்களுக்குள் நுண்ணுயிர்கொல்லி மருந்து எடுத்திருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு முன்னரே மலமிளக்கிகளை, வைத்தியரைக் கேட்டு, நிறுத்தவேண்டும். முதல் நாள் பருப்பு, கடலை, வெங்காயம், பாண், பழம், பால் எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறும் பொரிக்காத மீனும் போதும். அதன் பிறகு 8 முதல் 12 மணி நேரம் பட்டினி. அன்று காலையில் புகைக்கவும் கூடாது, வேகமாக நடக்கவும் கூடாது. கோல்ஃபேஸில் நடந்துவிட்டு நேரே வந்து உட்கார்ந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் நாள் இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டவர்களின் தொடக்க அளவே உயர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிற எந்த இலக்கத்திலும் பொருள் இல்லை.

கொட்டாஞ்சேனைவாசி:

டொக்டர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மனம் கொஞ்சம் கனத்தது, ஆனால் நன்றி. ஒரு கேள்வி: பரிசோதனை அவ்வளவு நம்பகமில்லாதது என்றால், மருந்து எனக்கு ஏன் சுகம் தந்தது?

பம்பலப்பிட்டி பொது மருத்துவர்:

அண்ணா, மருந்து வேலை செய்வதற்குப் பரிசோதனை சரியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2011இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், மலச்சிக்கல் இல்லாத ஐ.பி.எஸ் நோயாளர்களுக்கு 550 மில்லிகிராம் ரிபக்சிமின் நாளுக்கு மூன்று தடவை வீதம் 14 நாட்கள் கொடுத்தபோது, 40.7 சதவீதத்தினருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 31.7 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. உண்மையான பயன் உண்டு, ஆனால் அது நூற்றுக்கு ஒன்பது பேருக்கானது. அந்த நோயாளர்களைத் தெரிவுசெய்ய மூச்சுப் பரிசோதனை பயன்படுத்தப்படவில்லை. நீங்கள் அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருக்கலாம். மூன்றாவது தடவை எடுப்பதற்கு முன்னர், மீண்டும் பரிசோதிப்பதைவிட, குடல் நோய் நிபுணர் ஒருவரைச் சனல் செய்து பேசுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

உணவியல் ஆலோசகர், மருதானை:

மருத்துவரின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வாயுவை முற்றாகக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது சரியல்ல. 1998இல் கேம்பிரிட்ஜில் ஆறு நோயாளர்களையும் ஆறு சாதாரணமானவர்களையும் மூடிய அறை ஒன்றுக்குள் 24 மணி நேரம் வைத்து, வெளிவந்த வாயு முழுவதையும் அளந்தார்கள். மொத்த அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் வாயு வெளியேறும் உச்ச வேகம் நோயாளர்களில் நிமிடத்துக்கு 2.4 மில்லிலீற்றராகவும் மற்றவர்களில் 0.6 ஆகவும் இருந்தது. ஐதரசன் உற்பத்தியும் கூடுதலாகவே இருந்தது. சில உணவுகளை விலக்கியபோது வேகமும் குறைந்தது, அறிகுறிகளும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், இருந்தாலும், உணர்திறன் கூடிய குடலுக்குள் வாயு திடீரென்று விரைந்து பிறப்பதைத் தடுத்தால் வேதனை குறையும் என்ற என் அன்றாட அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, விரைவில் நொதிக்கும் மாச்சத்துகளைக் குறைக்கும் ஃபொட்மப் உணவுமுறையின் அடிப்படையும் இதுவே.

அந்த முறை வெளிநாட்டுப் பட்டியலாக வருவதால் நம்மவர்கள் குழம்பிப்போகிறார்கள். நம்முடைய சமையலில் பெரிய எதிரிகள் வெங்காயமும் உள்ளியும். இரண்டிலும் ஃபிரக்டான் என்ற மாச்சத்து உண்டு. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே வெங்காயம், உள்ளித் துண்டுகளை எண்ணெயில் தாளித்து வாசனை இறங்கியதும் எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். சொதியில் அவித்துவிட்டுத் துண்டை மட்டும் ஒதுக்குவதில் பயனில்லை. பாணும் கோதுமை மாவில் செய்த பிட்டும் இடியாப்பமும் அதே வகையைச் சேர்ந்தவை; அரிசி மாவுக்கு மாறினால் அந்தச் சிக்கல் இல்லை. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்து, இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள். கௌபி, கடலை வகைகள் சோதனைக் காலத்தில் வேண்டாம்.

பால்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். முழு ஆடைப் பால்மாவின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக லக்டோஸ் என்ற பாற்சீனி உள்ளது. தெற்காசியர்களில் பலருக்கு வளர்ந்த பின்னர் அதைச் சமிக்கும் நொதியம் குறைந்துவிடுகிறது. இருந்தாலும் ஒரே தடவையில் 12 கிராம் அளவு லக்டோசை அவர்களில் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு கோப்பைப் பால்தேநீரில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். லக்டோசுக்கான மூச்சுப் பரிசோதனையிலோ 25 கிராம் கொடுக்கிறார்கள், அது அரை லீற்றர் பாலுக்குச் சமம். அந்தப் பரிசோதனையில் உயர்வு காட்டினார்கள் என்பதற்காகத் தேநீரை வாழ்நாள் முழுவதும் விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் பாலை நிறுத்தி, பிறகு மீண்டும் குடித்துப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதிவைத்தாலே போதும்.

கண்டிப்பான கட்டம் நான்கு முதல் ஆறு வாரங்கள் மட்டுமே. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்காமல் நிறுத்திவிடுவது, உடலுக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் கேடு.

மட்டக்குளி அம்மா:

பிள்ளைகளே, எனக்கு 56 வயது. எனக்கும் நான்கு மாதங்களாக வயிறு ஊதுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலும் நிறைந்துவிடுகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. நானும் இந்த உணவுமுறையைத் தொடங்கலாமா?

பம்பலப்பிட்டி பொது மருத்துவர்:

அம்மா, தயவுசெய்து நீங்கள் உணவை மாற்றுவதற்கு முன்னர் இந்த வாரமே ஒரு வைத்தியரிடம் போங்கள். 50 வயதைக் கடந்த பெண்களுக்கு முதன்முறையாக இப்படி ஆரம்பித்து விடாமல் தொடர்ந்தால், சூலகப் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்தவேண்டும், அதற்கு சீ.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையும் இடுப்புப் பகுதி ஸ்கேனும் உண்டு. பெரும்பாலும் வேறு சாதாரண காரணமாகத்தான் இருக்கும், பயப்படவேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். மற்றவர்களுக்கும்: மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது இந்த இழையில் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வயிறு ஊதுவதற்கும் இளகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

வெள்ளவத்தை வாசகி:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். லக்டுலோஸ் பரிசோதனையை நான் செய்யவில்லை. குடல் நோய் நிபுணர் ஒருவரைச் சந்தித்தேன். இரத்தச்சோகைக்கும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கும் இரத்தம் பார்த்தார், குடல் அழற்சியைக் காட்டும் கல்ப்ரொடெக்டினுக்கு மலம் பார்த்தார். எல்லாம் சாதாரணமாக இருந்தன. மூச்சுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டபோது, முடிவு எதுவாக வந்தாலும் முதலில் சொல்லப்போவது உணவு மாற்றத்தையே என்றார்.

முதலில் பாலை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை. காலைத் தேநீரை மீண்டும் குடிக்கிறேன். பிறகு வெங்காயம், உள்ளி, பாண் மூன்றையும் நிறுத்தினேன். அம்மாவுக்கு உள்ளி போடாத பருப்பு சமைக்க மனம் வரவில்லை. ஆனாலும் தாளித்து எடுக்கும் முறையைச் செய்து பார்த்துவிட்டு, வாசனை குறையவில்லை என்று ஒப்புக்கொண்டார். பத்தாவது நாளிலிருந்து வலி நன்றாகக் குறைந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது. வயிறு ஊதுவது மட்டும் பாதியளவில் நிற்கிறது; அதற்கு உதரவிதானத்தால் மூச்சுவிடும் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். இனி ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கவேண்டும். ஆலோசகர் அவர்களே, பாணில் தொடங்குவதா, வெங்காயத்திலா?

மட்டக்குளி அம்மா:

நானும் போய் இரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டேன், கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை. டொக்டருக்கு நன்றி.

உணவியல் ஆலோசகர், மருதானை:

இருவருக்கும் மிக்க மகிழ்ச்சி. பாணில் தொடங்குங்கள்: முதல் நாள் ஒரு துண்டு, அடுத்த நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. அந்த மூன்று நாட்களும் வேறு எதையும் மாற்றவேண்டாம், அதன் பிறகு மூன்று நாட்கள் இடைவெளி விடுங்கள். வெங்காயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் நேரத்தையும் எழுதுங்கள். சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வலி வருகிறது என்பது எனக்குத் தேவைப்படும்.